ஒரே மண்டபம், இரண்டு கல்யாணம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் காஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. புது மாடல் ஒன்று வந்தால் அதைப் பிரித்துப் போட்டு, தோல் எவ்வளவு, உள் துணி எவ்வளவு, அடி, நூல், பசை, லேஸ், அட்டைப் பெட்டி, கூலி என்று ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி, ஒரு ஜோடி இத்தனை ரூபாயில் முடியும் என்று சொல்ல வேண்டும். ஏழு வருடமாக இதைச் செய்கிறேன். ஒரு ஜோடியில் நாலு ரூபாய் குறைக்க வழி கண்டுபிடித்துவிட்டால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு எனக்குத் தனி ருசியாக இருக்கும். அப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் நிச்சயமானால் சும்மா இருப்பாளா? நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாளே கம்ப்யூட்டரில் புது ஷீட் ஒன்றைத் திறந்துவிட்டேன்.

எனக்கு நிச்சயமானவர் வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வீடு காட்பாடியில். நாங்கள் இரண்டாவது முறை போனில் பேசும்போதே அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம். "கடன் வாங்கிக் கல்யாணம் பண்ணா ரெண்டு வருஷம் மொகத்த தொங்கப் போட்டுக்கினுதான் இருக்கணும். நம்ம ரெண்டு பேர் கிட்ட இருக்கறத போட்டு முடிச்சிக்கலாமா?" ஆளுக்கு இரண்டே கால் லட்சம் என்று பேசிக்கொண்டோம். மொத்தம் நாலரை லட்சம். அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை. நகை ஏற்கெனவே அம்மா சீட்டுப் போட்டு வாங்கி வைத்திருந்தது, அதோடு சரி.

அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பவர். ஊசி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் ஷீட்டை எட்டிப் பார்ப்பார். ஒவ்வொரு செலவுக்குப் பக்கத்திலும் நான் ஐந்து சதவீதம் தனியாகப் போட்டிருந்தேன். தோல் வெட்டும்போது ஓரத்தில் போகிற துண்டுகளுக்காகக் கம்பெனியில் அப்படித்தான் போடுவோம், அதற்குப் பெயர் வேஸ்டேஜ். அதையே இங்கேயும் எழுதியிருந்தேன்.

"கல்யாணத்துல வேஸ்டேஜ் இன்னாடி? நல்ல காரியத்துக்கு இந்த மாதிரியா எழுதுவாங்க?"

"எதாவது உடையும், எதாவது கொட்டும், எதாவது பத்தாம போவும்மா. அதுக்குத்தான்."

"வாய்ல நல்ல வார்த்தையே வராது உனக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா நூலைப் பல்லால் கடித்தார்.

அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் தலையிட மாட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சர்ச்சுலேர்ந்து மண்டபம் வரைக்கும் பேண்டு செட் வெச்சிரும்மா. வேற எதுவும் நான் கேக்கல." பதினெட்டாயிரம் ரூபாய். அந்த வரிக்கு மஞ்சள் நிறம் கொடுத்துக் கீழே தள்ளி வைத்தேன். மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று அர்த்தம்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். ஆம்பூரிலிருந்து பஸ் ஏறி வேலூருக்குப் போய்விடுவேன். கோட்டைக்கு எதிரில் ஒரு ஜூஸ் கடையில் அவரும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்போம். மற்ற ஜோடிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் இரண்டு பேரும் ஒரு செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்போம். அழைப்பிதழின் அட்டை தடிமனைக் குறைத்தோம். தாம்பூலப் பைக்குப் பதில் சாக்லேட் போதும் என்றோம். டிரோன் வைத்துப் படம் எடுக்கும் யோசனையை அவர் மனசே இல்லாமல் விட்டுக்கொடுத்தார். "மேலேர்ந்து பாத்தா என் வழுக்கதான் தெரியும், போகட்டும்" என்றார். நான் ஜூஸ் மூக்கில் ஏறும்படி சிரித்தேன். உண்மையைச் சொன்னால், வாழ்க்கையிலேயே நான் அதிகம் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான். ஏதோ ஒன்றை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறோம், அது நடக்கப் போகிறது என்ற துடிப்பு. பஸ்ஸில் திரும்பி வரும்போது தூக்கமே வராது.

ஆனாலும் மொத்தம் நாலு லட்சத்து எண்பதாயிரத்தில் வந்து நின்றுவிட்டது. முப்பதாயிரம் ஜாஸ்தி. அறுநூறு பேருக்கு ஆட்டுக்கறி பிரியாணி. அதில் கை வைக்க முடியாது. ஆம்பூரில் கல்யாணம் பண்ணிவிட்டுப் பிரியாணி பத்தவில்லை என்று பேர் வாங்கினால் பிறகு கம்பெனி வாசலில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. மண்டப வாடகை அறுபதாயிரம், மேடை அலங்காரம் நாற்பத்தைந்தாயிரம். அந்த இரண்டும் எத்தனை முறை பார்த்தாலும் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றன.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கப் போகிறது, தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்று சபை முன்னால் அறிவிப்பது. முதல் ஞாயிறு என் பெயரை எங்கள் போதகரான ஐயர் வாசித்தபோது காது சூடாகி, தலையைக் குனிந்துகொண்டேன். அதே மூச்சில் இன்னொரு ஓலையையும் வாசித்தார். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு குடும்பத்துப் பெண். பெங்களூரில் நர்ஸாக வேலை செய்ததால் எனக்கு முகம் மட்டும்தான் தெரியும். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவளுடைய அம்மா வாசலில் நின்று எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். வெயிலில் நின்றபடியே பிரித்துப் படித்தேன்.

அதே மண்டபம். புதன்கிழமை. என்னுடையது வியாழக்கிழமை.

கிழமையை இன்னொரு முறை பார்த்தேன். கம்பெனியில் இரண்டு மாடலுக்கு ஒரே அடிப்பாகம் பொருந்தும் என்று கண்டுபிடித்தால் வருமே, அந்த உணர்ச்சி. புதன்கிழமை சாயங்காலம் மேடையைப் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். வியாழக்கிழமை காலையில் இன்னொரு லாரியில் அதே மாதிரி மேடையைக் கொண்டுவந்து இறக்குவார்கள். அண்டாக்கள் போகும், அண்டாக்கள் வரும். ஜெனரேட்டர் போகும், ஜெனரேட்டர் வரும். எதற்கு?

வீட்டுக்கு நடந்து வரும் வழியிலேயே அம்மாவிடம் சொன்னேன். அம்மா நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"அடுத்தவங்க கல்யாணம் பண்ணி முடிச்ச மேடையில போய் நீ நிக்கப் போறியா? ஒனக்கு இன்னா கொறச்சல்? ஊரு சிரிக்கும்."

"நாற்காலி எல்லாரும் ஒக்காந்ததுதானம்மா. மண்டபமே அப்படித்தான."

"அது வேற, இது வேற" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வீடு வரும் வரை பேசியும் அவர் மனதை மாற்ற முடியவில்லை.

அன்று மத்தியானமே ரயில்வே கேட்டைத் தாண்டி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். முன்பின் பழக்கமில்லாத வீடு. கையில் ஒரு பிரிண்ட் எடுத்த தாள். கதவைத் தட்டும்போதுதான், நான் என்ன சொல்லி ஆரம்பிக்கப் போகிறேன் என்று யோசிக்கவே இல்லை என்பது உறைத்தது. அவள்தான் கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்துத் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"ஒன் கல்யாணத்துக்கு மறுநாள் அதே மண்டபத்துல எனக்குக் கல்யாணம்" என்றேன்.

"தெரியும்க்கா. காலைல ஓலை கேட்டேன். உள்ள வாங்க."

தாளைத் தரையில் விரித்து விளக்கினேன். இரண்டு நாள் சேர்த்து எடுத்தால் மண்டபம் தொண்ணூறாயிரத்துக்குப் பேசலாம். மேடை ஒரே மேடை, பூ மட்டும் இரண்டாம் நாள் காலையில் புதுசு. பாத்திரம், ஜெனரேட்டர், மைக் எல்லாம் ஒரே வாடகை. அரிசி மொத்தமாக வாங்கினால் மூட்டைக்கு இவ்வளவு குறையும். பேசப் பேச எனக்கு வேகம் கூடிக்கொண்டே போனது. அவள் துண்டை அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு தாளையே பார்த்தாள்.

"இதுல எனக்கு எவ்ளோ கம்மியாகும்?"

"நாப்பதாயிரம். எனக்கும் அதேதான்."

அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "எங்கப்பா வட்டிக்கு அம்பதாயிரம் கேட்டு வெச்சிருக்காருக்கா. வேணாம்னு எவ்ளோ சொன்னாலும் கேக்கல" என்றாள். எழுந்து உள்ளே போய், மத்தியானத் தூக்கத்தில் இருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்தாள். நான் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

அதற்கடுத்த மூன்று வாரமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றினோம். அவள் ஸ்கூட்டி ஓட்டுவாள், நான் பின்னால் ஃபைலோடு உட்கார்ந்திருப்பேன். மண்டப மேனேஜரிடம் முதலில் நான் பேசினேன், அவர் அசையவில்லை. அவள் பேசினாள், அவருடைய சர்க்கரை அளவைப் பற்றி விசாரித்தாள். காலில் இருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, நாளைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லிக் கண்டிப்பாகப் பேசினாள். அவர் எங்களை உட்கார வைத்து டீ வரவழைத்தார். தொண்ணூறாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதிக்காத குறை.

மேடைக்காரரிடம் ஐம்பத்து நாலாயிரம், இரண்டு பேருக்கும் சேர்த்து. பிரியாணி சமைக்கும் பாய் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "முப்பது வருஷமா ஆக்கிப் போடறேன். பொண்ணுங்களே வந்து ரேட்டு பேசறது இப்பதான் பாக்கறேன்" என்றார். ஆனால் அவருக்கும் அது வசதிதான். தேக்சா என்று சொல்கிற அந்தப் பெரிய பாத்திரங்களையும் விறகையும் ஒரே தடவை கொண்டுவந்து இறக்கினால் போதும். கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சீரக சம்பா அரிசியை இரண்டு கல்யாணத்துக்கும் சேர்த்து மொத்தமாக வாங்கி மண்டபத்துப் பின்னறையில் அடுக்கினோம்.

சாயங்காலம் ஷீட்டைத் திறந்து எண்களை மாற்றினேன். மொத்தம் நாலு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு வந்துவிட்டது. பத்தாயிரம் மிச்சம். காட்பாடியில் இருக்கும் அவருக்குப் போன் போட்டேன். "பேண்டு செட்டுக்கு இன்னும் எட்டாயிரம் இடிக்குது" என்றேன். "போட்டோ ஆல்பத்த சின்னதாக்கு. எப்படியும் அலமாரிலதான் இருக்கப் போவுது" என்றார் அவர். அந்த மஞ்சள் வரியை மேலே இழுத்துப் பச்சையாக்கினேன். அப்பாவிடம் சொன்னதும் அவர் நேராக வெளியே போய், தெருமுனைக் கடையில் எல்லோருக்கும் போண்டா வாங்கிக்கொண்டு வந்தார்.

அம்மா மட்டும் இறங்கி வரவில்லை. அந்தப் பெண் வீட்டுக்கு வந்தால் தண்ணீர் கொடுப்பார், பேச மாட்டார்.

புதன்கிழமை அவள் கல்யாணம் அமர்க்களமாக நடந்தது. நான் மணப்பெண்ணாகப் போகிறவள், வெயிலில் அலையக் கூடாது என்று அம்மா தடுத்தும் கேட்காமல் போனேன். அவள் மேடையில் நின்றபடி, பரிசு கொடுக்க வந்த என் காதில், "ஃபேன் ரெண்டு ஓடலக்கா, நாளைக்கு உங்களுக்கு மாத்தச் சொல்லிட்டேன்" என்றாள். மாப்பிள்ளைக்குப் பேரணாம்பட்டு பக்கம். அங்கேயிருந்து இரண்டு பஸ் வரும் என்று கணக்கு. மூன்று பஸ் வந்தது. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டுத்தான் போனார்கள். அத்தனை பேருக்கும் சாப்பாடு எப்படிப் போதுமானது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மருதாணி போட நேரமாகிறது என்று வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாய் போன் செய்தார்.

"பாப்பா, அரிசி ரெண்டு மூட்டை கம்மியா இருக்கு. நேத்து கூட்டம் ஜாஸ்தி. பொண்ணோட அப்பாதான் ஒங்க மூட்டைய எடுத்து ஆக்கச் சொன்னாரு, சாயங்காலமே வாங்கி வெச்சிடறேன்னாரு. இப்ப வந்து பாத்தா வெக்கல. ஒம்போது மணிக்கு நான் அரிசி ஊற வெக்கணும். இல்லன்னா பேஜாராய்டும்."

எனக்கு முன்னால் அழகு நிலையத்துப் பெண் தலைவாரிக் கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மா. போனில் வந்தது அவருக்கும் கேட்டுவிட்டது. "நான் சொன்னப்ப கேட்டியா" என்ற அந்த ஒரு பார்வை. அரிசிக் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அப்பா ஐயரைப் பார்க்க சர்ச்சுக்குப் போய்விட்டார். நேற்றுத் தாலி கட்டிக்கொண்ட ஒரு பெண்ணை விடிந்தும் விடியாமலும் எழுப்பி அரிசியைப் பற்றிக் கேட்பதா என்று இரண்டு முறை எண்ணை எடுத்து விட்டுவிட்டேன். மூன்றாவது முறை கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் தன் அம்மாவிடம் விசாரிப்பது கேட்டது. பிறகு, "எங்கப்பா அசதில படுத்துட்டாருக்கா. சொல்லவே இல்ல. நீங்க புடவ கட்டுங்க. அரிசிய நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

எட்டரை மணிக்கு நானும் அம்மாவும் மண்டபத்து மணமகள் அறையில் இருந்தோம். வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முன்னால் டிரைவர் பக்கத்தில் அவளுடைய வீட்டுக்காரர் பாதி வெளியே தொங்கிக்கொண்டு. பின் சீட்டில் இரண்டு அரிசி மூட்டை. மூட்டைகளுக்கு நடுவில், நேற்றுக் கட்டிய அதே கல்யாணப் பட்டுப் புடவையில், தலையில் வாடிய மல்லிகையோடு அவள். ராத்திரி அவள் அம்மா வீட்டிலேயே தங்கியிருந்தார்கள், துணிப் பெட்டி எல்லாம் முந்தின நாளே பேரணாம்பட்டுக்குப் போய்விட்டதாம். அவசரத்துக்குக் கையில் கிடைத்தது அந்தப் புடவைதான். அரிசிக் கடைக்காரர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். பட்டுப் புடவையில் மணப்பெண் வந்து அரிசி கேட்டதும் அந்த மனிதர் பதறிப்போய் லுங்கியோடு வந்து கடையைத் திறந்திருக்கிறார்.

புது மாப்பிள்ளை ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினார். இன்னொன்றை அவளும் ஆட்டோ டிரைவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்தார்கள். அம்மா என்னைத் தாண்டி வேகமாக வெளியே போனார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன், பாதி கட்டிய புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏய், கீழ வை அத" என்றார் அம்மா. "தாலி கட்டி ஒரு நாள் ஆகல. மூட்ட தூக்கினு வர்றியா நீ?"

"தப்பு எங்களுதும்மா. எங்க ஆளுங்க சாப்ட்டுட்டாங்க."

"சாப்படத்தான ஆக்கறது" என்றார் அம்மா. அவள் கையிலிருந்து மூட்டையின் முனையைப் பிடுங்கித் தானே பிடித்துக்கொண்டார். சமையல்கட்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, அவள் புடவையில் ஒட்டியிருந்த தவிட்டுத் தூசியைத் தன் முந்தானையால் தட்டினார். "இட்லி இருக்கு, மொதல்ல சாப்புடு. அந்தப் புள்ளையையும் கூப்புடு." அதற்குப் பிறகு அன்று முழுவதும் அம்மா அவளைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். சொந்தக்காரர்கள் இவள் யார் என்று கேட்டால், "எங்க பொண்ணு மாதிரி, நேத்துதான் கல்யாணம் ஆச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்ச்சில் அவரும் நானும் மோதிரம் மாற்றினோம். வெளியே வந்ததும் பேண்டு செட் எடுத்த எடுப்பிலேயே காதைப் பிளக்க ஆரம்பித்தது. டிரம்பெட் வாசித்தவர் கன்னம் உப்பி உப்பி ஊத, தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அப்பா பேண்டுக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இராணுவ அதிகாரி மாதிரி நடந்தார். பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் டிராஃபிக் நின்றுவிட்டது. பஸ்ஸுக்குள்ளிருந்து எங்கள் கம்பெனிப் பெண்கள் சிலர் கத்திக் கூப்பிட்டுக் கையாட்டினார்கள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என் பக்கத்தில் மாலையோடு நடந்த அவர் காதருகில் குனிந்து, "பதினெட்டாயிரத்துக்குத் தகும்" என்றார்.

பாய் முதல் தேக்சாவின் மூடியைத் திறந்தபோது மணி பன்னிரண்டரை. அறுநூறு பேர் என்று போட்டோம். அறுநூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். கத்திரிக்காய்த் தொக்கும் வெங்காயப் பச்சடியும் கடைசிப் பந்தி வரை நின்றன. பரிமாற ஆள் குறைந்தபோது அந்தப் பெண்ணும் அவளுடைய வீட்டுக்காரரும் வாளியைத் தூக்கிக்கொண்டு இலை இலையாகப் போனார்கள். யார் கல்யாணம் என்று தெரியாமல் சில பேர் அவளிடம் மொய்க் கவரை நீட்டினார்கள். அவள் அதை வாங்காமல் மேடையைக் காட்டினாள். ஒரு கட்டத்தில் போட்டோகிராபர் எங்கள் இரண்டு பேரையும் மேடையில் சேர்த்து நிற்க வைத்தார். நேற்றைய மணப்பெண், இன்றைய மணப்பெண், பின்னால் ஒரே துணி, புதுப் பூ.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் உட்கார்ந்து கணக்கு முடித்தோம். இரண்டு மூட்டை அரிசிக்கு அவளுடைய அப்பா பணம் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "விடுங்கப்பா, மூணாவது பஸ்ஸ நானும்தான் எதிர்பாக்கல" என்றேன். அவர் வட்டிக்குக் கேட்டிருந்த ஐம்பதாயிரம் கடைசி வரை தேவைப்படவில்லை. எனக்கு வேஸ்டேஜ் வரியில் போட்டதில் முக்கால்வாசி போயிருந்தது. கூடுதல் நாற்பது சாப்பாடு, உடைந்த இரண்டு டியூப் லைட், ஆட்டோ. எல்லாம் போக அவரும் நானும் சேர்ந்து போட்ட நாலரை லட்சத்தில் ஆறாயிரத்து முந்நூறு ரூபாய் மிச்சம் நின்றது. அவளிடம் ஐயாயிரத்துச் சொச்சம்.

"இத இன்னாக்கா பண்றது?" என்றாள்.

கல்யாணச் செலவு என்று ஒதுக்கிய பணத்தைத் திரும்ப வங்கியில் போட எனக்கே மனசு வரவில்லை. அந்தப் பணத்தில் இரண்டு ஜோடியும் சேர்ந்து நாலு பேருமாக ரயிலில் போய் ஜோலார்பேட்டையில் இறங்கி, ஏலகிரிக்குப் பஸ் பிடித்தோம். வளைவுக்கு வளைவு அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வளைவில் அவளுடைய வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் போக வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அவருக்கு எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துவிட்டு, குளிருக்குத் தன் வழுக்கையில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். மேலே குளிர்காற்று அடித்தது. அவளும் நானும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, ஏரியில் படகுக்கு நாலு பேருக்குச் சேர்த்து டிக்கெட் எடுத்தால் கம்மியாக இருக்குமா என்று பேசிக்கொண்டே போனோம்.